மருத்துவக் கடனுக்கு மூன்று வருடக் கணக்கு: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரியம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும். வாசல் பந்தலைக்கூட இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து திண்ணையில் உட்காருவார். இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுப்பார்.

"நான் ஒண்ணும் அவசரப்படுத்தல தங்கச்சி. ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் மாப்ள வாங்கினாரு. இந்த மாசத்தோட நோட்டுக்குத் தேதி முடியுது. நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு. மத்ததை அறுவடைக்கு அப்புறம் பேசிக்கலாம்."

ஊருக்கு ஊர் நடக்கும் காட்சி இது. கடன் கொடுத்தவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கஷ்டத்தில் கைகொடுத்தவராகவே இருக்கலாம். ஆனால், அந்த ஒரு கையெழுத்து சட்டப்படி என்னவெல்லாம் செய்யும் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறது, போடுபவருக்குத் தெரிவதில்லை. பயிர்க் கடனுக்கு வங்கி இருக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நள்ளிரவில் நெஞ்சு வலி என்று ஓடும்போது புரோநோட்டும் கைமாற்றும் அடகுக் கடையும்தான் இருக்கின்றன. அந்தக் கடன்களுக்குச் சட்டம் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது.

மூன்று வருடம் எங்கிருந்து தொடங்குகிறது?

காலவரையறைச் சட்டம், 1963. வக்கீல்கள் 'லிமிடேஷன் சட்டம்' என்பது இதைத்தான். கொடுத்த பணம் திரும்ப வரவில்லை என்றால் எத்தனை காலத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று இது சொல்கிறது. ஈடு எதுவும் வாங்காமல் கொடுத்த சாதாரணக் கடனுக்கு 3 வருடம். எந்தத் தேதியிலிருந்து என்பதுதான் கடனுக்குக் கடன் மாறும்.

* மருத்துவமனையின் பில் பாக்கி: பணம் கட்டத் தேதி எதுவும் பேசவில்லை என்றால், சிகிச்சை முடிந்த நாளிலிருந்து 3 வருடம். 'இந்தத் தேதிக்குள் கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தேதி தவறியதிலிருந்து 3 வருடம்.
* மருந்துக்கடை பாக்கி: கடனுக்குத் தவணை பேசவில்லை என்றால், மருந்து வாங்கிய நாளிலிருந்து 3 வருடம்.
* கைமாற்று: பணம் கைமாறிய நாளிலிருந்து 3 வருடம். திருப்பித் தரத் தேதி பேசியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து.
* 'கேட்கும்போது தருகிறேன்' என்று எழுதும் வழக்கமான புரோநோட்டு: நோட்டில் உள்ள தேதியிலிருந்து 3 வருடம். கடைசியாகக் கேட்ட நாளிலிருந்து அல்ல.

14.8.2022 தேதியிட்ட புரோநோட்டு என்றால், 14.8.2025க்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அன்று நீதிமன்ற விடுமுறை என்றால் மறுபடி திறக்கும் நாளில் போடலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாலோ, பஞ்சாயத்துப் பேசுவதாலோ இந்தக் கெடு நீளாது.

கொரோனா காலத்துக் கடன்

2020, 2021ல் நிறைய குடும்பங்கள் மருத்துவமனைக்காகக் கடன்பட்டன. அந்த நாட்களில் நீதிமன்றத்துக்குப் போக முடியாத நிலை இருந்ததால், 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே, அந்த இடைவெளிக்குள் உண்டான கடனுக்கு 3 வருடக் கணக்கு 1.3.2022ல்தான் தொடங்குகிறது. 2021 மே மாதத்து புரோநோட்டு 2024 மே மாதத்தோடு முடியவில்லை. 2025 மார்ச் தொடக்கம் வரை உயிரோடு இருந்தது. இடையில் கையெழுத்து எதுவும் போடாமல் இருந்தால் அது இப்போது கெடு தாண்டியது.

கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்கும் கையெழுத்து

3 வருடம் முடிவதற்குள், 'இந்தக் கடன் பாக்கி இருக்கிறது' என்று கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும். இது சட்டத்தின் 18வது பிரிவு. கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் முதுகில் வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டாலும் அப்படியே. இது 19வது பிரிவு.

மேலே சொன்ன 14.8.2022 நோட்டில், 2.6.2024 அன்று 5,000 ரூபாய் கட்டி, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். கெடு 2.6.2027க்குப் போய்விடும். பணம் கட்டுவது நல்லதுதான். ஆனால், கட்டும்போது கெடுவும் நீள்கிறது என்பது தெரிந்து கட்ட வேண்டும்.

மூன்று வருடம் முடிந்த பிறகு நிலைமை வேறு. அப்போது 'பாக்கி இருக்கிறது' என்று ஒப்புக்கொள்வதால் மட்டும் கெடு திரும்ப உயிர் பெறாது. ஆனால், 'அந்தப் பழைய கடனைத் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, பழைய பாக்கிக்குப் புதிய புரோநோட்டு எழுதிக் கொடுத்தாலோ, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ன் 25வது பிரிவின்படி அது புது ஒப்பந்தம். செத்த நோட்டு பிழைத்துக்கொள்ளும். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று ஒன்று கிடையாது என்பது இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் 'தந்துடறேன் அண்ணே' என்று அனுப்பும் செய்தியும் பின்னால் எழுத்துச் சான்றாகக் காட்டப்படலாம். அனுப்பும் முன் யோசிப்பது நல்லது.

வெற்று நோட்டு வேண்டவே வேண்டாம்

அவசரத்துக்குப் பணம் தேடும்போது, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, தொகையும் தேதியும் எழுதாமல் விடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881ன் 20வது பிரிவின்படி, அப்படி ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் அதைப் பூர்த்தி செய்துகொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். 2022ல் கொடுத்த வெற்று நோட்டில் 2025 என்று தேதி எழுதிவிட்டால், 'அப்படி இல்லை' என்று நிரூபிக்கும் சுமை கடன் வாங்கியவர் தலையில்தான் விழும். மூன்று வருடக் கெடு இருந்தும் பயனில்லாமல் போகும்.

எத்தனை அவசரம் என்றாலும், தொகை, வட்டி, தேதி மூன்றையும் எழுதிவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதி முடித்த நோட்டில் பின்னால் தேதியைத் திருத்தினால் அந்த நோட்டே செல்லாமல் போகும். அந்தத் திருத்தத்தைக் காட்டிக்கொடுப்பது செல்போனில் இருக்கும் படம்தான். வெற்றுக் காசோலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகும்.

கெடு முடிந்தால் கடன் அழிந்துவிடுமா?

அழியாது. நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. கெடு முடிந்தது தெரியாமல் ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு திருப்பிக் கேட்டால் கிடைக்காது. அவர் கட்டியது உண்மையான கடனைத்தான்.

அதுபோல, நகையோ நிலமோ ஈடு வைத்திருந்தால் மூன்று வருடம் என்ற நினைப்பே கூடாது. அடகு வைத்த நகை கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. வழக்குக்கான கெடு முடிந்ததைக் காட்டி, பணம் கட்டாமல் நகையை மீட்க முடியாது. முறையாக நோட்டீஸ் கொடுத்து அவர் அதை விற்கவும் முடியும். நிலத்தை அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் வசூல் வழக்குக்குக் கெடு 12 வருடம்.

சில இடங்களில் கடனுக்கு ஈடாக நிலத்தின் மேல் கிரய ஒப்பந்தம் எழுதி வாங்குகிறார்கள். அது காகிதத்தில் கடனே அல்ல. நிலத்தை விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை வைத்து, 'கிரயம் செய்து கொடு' என்று வழக்குப் போடலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கும் கடனுக்குக் கிரய ஒப்பந்தமோ பவர் பத்திரமோ எழுதிக் கொடுப்பதை எப்பாடுபட்டாவது தவிர்க்க வேண்டும்.

இறந்தவர் கடன் யார் தலையில்?

திண்ணைக்கு வந்தவர் கேட்ட கையெழுத்துக்கு வருவோம். புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவர் கணவர் மட்டும் என்றால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அவருக்குப் பின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வந்த அளவுக்குத்தான் அந்தக் கடன் அவர்களைத் தொடும். மனைவியின் சொந்த நகை, அவர் தாய்வீட்டுச் சொத்து, மகன் உழைத்துச் சேர்த்த பணம் ஆகியவற்றை அந்தக் கடன் தொடாது. இறந்தவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை என்றால், வாரிசுகளிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழியில்லை.

ஆனால், மனைவியோ மகனோ தன் பெயரில் புதிய நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், இறந்தவர் கடன் இருப்பவர் கடனாக மாறும் ஆபத்து வந்துவிடும். எல்லைக்கு உட்பட்டிருந்த பொறுப்பு எல்லையில்லாமல் போகும். துக்க வீட்டில் போடும் கையெழுத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

மருத்துவமனையிலும் இதே கவனம் வேண்டும். சேர்க்கும்போது நீட்டும் படிவங்களில், 'பில் தொகைக்கு நான் பொறுப்பு' என்ற வரி இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்ட உறவினர் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாளி ஆகிவிடுவார். துணைக்குப் போன மச்சானோ மருமகனோ, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

சம்மன் வந்தால் ஒளிய வேண்டாம்

கெடு தாண்டிய வழக்கை, எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 3வது பிரிவு சொல்கிறது. 'அப்படியானால் போக வேண்டியதில்லையே' என்று நினைத்தால் மோசம் போகலாம். நோட்டின் முதுகில் ஒரு பொய் வரவும் ஒரு பொய்க் கையெழுத்தும் இருந்தால், காகிதத்தைப் பார்க்கும் நீதிபதிக்கு அது கெடுவுக்குள் இருக்கும் வழக்காகத்தான் தெரியும். 'அது என் கையெழுத்தல்ல' என்று சொல்ல ஆள் வேண்டும்.

போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். தீர்ப்பு வந்துவிட்டால் மூன்று வருடக் கணக்கு போய்விடும். அதை நிறைவேற்ற 12 வருடம் வரை காலம் உண்டு. சம்மன் கிடைத்தால் 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும். தெரியாமல் ஒருதலைத் தீர்ப்பு ஆகியிருந்தால், அதை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான். சம்மனே முறையாக வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தீர்ப்பே எதிராக வந்தாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைத் தானியம் ஆகியவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. விளைநிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடன் கொடுத்தவருக்கும் ஒரு வார்த்தை

கிராமத்தில் இன்று கடன் வாங்குபவர்தான் நாளை கடன் கொடுப்பவர். பங்காளி வீட்டுப் பிரசவத்துக்கோ, நண்பரின் விபத்துச் செலவுக்கோ கைமாற்றாகக் கொடுத்த பணத்தை, 'கேட்டால் மனஸ்தாபம் வரும்' என்று நான்கு வருடம் கேட்காமல் இருந்தவர் சட்டத்தில் தோற்றுப்போவார். அப்படிப்பட்டவர் மூன்று வருடம் முடியும் முன்பே, மறைக்காமல் விஷயத்தைச் சொல்லி எழுத்தில் ஓர் ஒப்புதல் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. உதவிய மனிதரை ஏமாற்ற இந்தக் கெடுவைப் பயன்படுத்துவது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஊரில் தலைநிமிர்ந்து நடக்க உதவாது. கெடுவைத் தெரிந்துகொள்வது பொய்க் கணக்கிலிருந்து தப்பிக்கவும், இரண்டு பக்கமும் நிதானமாகப் பேசித் தீர்க்கவும்தான்.

மிரட்டல் என்பது வேறு. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தனியார் கொள்ளை வட்டி கேட்டு மிரட்டினால், தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், 2003ன் கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வியும் பதிலும்

*'நோட்டு எழுதி நாலு வருஷம் ஆச்சு. 5,000 ரூபாய் மட்டும் கட்டிப் பின்னால் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடலாமா?'*

கொடுக்க மனமும் வசதியும் இருந்தால் பணத்தைக் கொடுங்கள். அதற்கு ரசீது வாங்குங்கள். நோட்டின் முதுகில் எழுதும்போது இன்றைய தேதியை நீங்களே எழுதுங்கள். பழைய தேதி போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'மீதியைத் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், முழுக் கடனும் மறுபடி உயிர் பெறும்.

*'பில் பாக்கிக்காக இறந்தவர் உடலைத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?'*

பாக்கியைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது. பாக்கியை வசூலிக்க மருத்துவமனைக்குச் சிவில் வழக்கு என்ற வழி உண்டு. காவல் நிலையத்திலும், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். இனம் வாரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

*'பில்லில் செய்யாத பரிசோதனைக்கும் பணம் போட்டிருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாமா?'*

இல்லை, உங்களுக்கும் கெடு உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

*'கடனை முழுவதும் அடைத்துவிட்டேன். நோட்டு தொலைந்துவிட்டது என்கிறார்.'*

'இந்தத் தேதியிட்ட இந்தத் தொகைக்கான நோட்டின் கடன் முழுவதும் தீர்ந்தது. நோட்டு கிடைத்தாலும் செல்லாது' என்று எழுதி, அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு கையில் கிடைத்தால் குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

திண்ணையில் சொல்ல வேண்டிய பதில்

இத்தனையும் தெரிந்த பிறகு, பந்தல் பிரிக்காத வீட்டில் அந்தப் பெண் என்ன சொல்லலாம்?

"அண்ணே, அவர் வாங்கலைன்னு நான் சொல்லல. நோட்டை ஒரு படம் எடுத்துக்கறேன். எவ்வளவு வாங்கினாரு, எவ்வளவு கட்டியிருக்காருன்னு கணக்கு எழுதிக் கொடுங்க. வீட்டுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பார்த்துட்டு, பசங்களோட விசாரிச்சுட்டுப் பேசறேன். இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாது."

இது கடனை மறுப்பது அல்ல, கணக்குக் கேட்பது. கேட்டவர் நேர்மையானவர் என்றால் கணக்கோடு திரும்பி வருவார். உட்கார்ந்து பேசி, இவ்வளவோடு தீர்ந்தது என்று எழுதி, நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். கெடு முடியும் முன் அவர் நீதிமன்றத்துக்குப் போனாலும், கணவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மேல் அவரால் கேட்க முடியாது. கையெழுத்துப் போடாத வரை அந்த வேலி அப்படியே இருக்கும்.